இசோகானின் முதுகில் ஒரு கை

அப்பா குளிர்காலத்தில் இறந்தார். மழைக்காலம் தொடங்கியபோது அவருடைய வலது கையை என் கணினித் திரையில் பார்த்தேன்.

பழைய படங்களைச் சீர்செய்யும் நிறுவனத்தில் நான் பொறியாளர். பிலிம் சுருளை ஸ்கேன் செய்து, கீறலையும் தூசியையும் நீக்கி, மங்கிய நிறத்தை மீட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அன்று என் மேசைக்கு வந்தது 'கடலடி நெருப்பு'. ஷோவா முப்பத்தாறாம் ஆண்டுப் படம், அதாவது 1961. கடலுக்கடியிலிருந்து எழுந்து வந்து டோக்கியோவை மிதிக்கும் இசோகான் என்ற மிருகத்தின் கதை. இசோகானைப் பற்றி நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழந்தைகளின் குடையில்கூட அது இருக்கிறது.

இந்தப் படத்தை நேசிக்கிறவர்கள் அதன் செட்டில் நடந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இசோகானின் உறுமல், எண்ணெய் பீப்பாய்க்குள் சங்கிலியை இழுத்துப் பதிவு செய்து தலைகீழாக ஓட்டியது. கடைசிக் காட்சியின் கடல், கடல்பாசியைக் காய்ச்சி உறைய வைத்தது. அந்தச் சின்ன அளவில் உண்மைத் தண்ணீர் கடலைப்போல் தெரியாது. இடிந்து விழும் பெரிய கடையின் மொட்டைமாடியில் ஒரு பூனை தூங்குகிறது. ஸ்டுடியோப் பூனை. கேமரா ஓடும்வரை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அவர்கள் அதிகம் சண்டை போடுவது கையைப் பற்றித்தான்.

கடைசிக் காட்சியில், அடிபட்ட இசோகான் நகரத்துக்கு முதுகைக் காட்டிக் கடலுக்குள் நடக்கிறது. ஓரிடத்தில் நின்று, மெல்லக் குனிந்து, மூழ்குகிறது. குனியும்போது முதுகுச் செதில்களுக்கு நடுவே வெளிறிய ஏதோ ஒன்று தெரிகிறது. ஒரு விநாடிக்கும் குறைவு. கை என்பார்கள் சிலர். செதில் உரிந்த இடம் என்பார்கள் சிலர். மிருகத்தின் பின்னால் இருப்பது மனிதன்தான் என்று இயக்குநர் ஷியோமி குறிப்பால் சொல்கிறார் என ஒரு விமர்சகர் எழுதினார். அந்தக் கட்டுரையைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகவும் வைத்தார்கள்.

பழைய பிரதிகளில் அது வெறும் வெள்ளைத் திட்டு. மூல நெகட்டிவை எங்கள் கருவியில் ஸ்கேன் செய்தபோது விரல்கள் பிரிந்து தெரிந்தன. ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு நகங்களாக வளர்ந்திருந்தது. ரப்பர் வெட்டும் கத்தி பட்டு அப்படி ஆனது. கடைசி வருடங்களில் அப்பாவுக்குப் பார்வை மங்கியபின் அந்த நகத்தை நான்தான் வெட்டிவிட்டேன். இரண்டு பாதியையும் தனித்தனியாக வெட்ட வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கினேன். சிறிதாக்கினேன். பிறகு வெளியே போய் இயந்திரத்தில் டீ வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா பெயர் ஹதானோ ஷிகேஜி. ஹதானோ எங்கள் குடும்பப் பெயர். ஸ்டுடியோக் கிடங்கில் வேலை பார்த்தார். மிருக உடைகளைக் காயவைத்து, கிழிசலுக்குப் பசை தடவி, உள்ளே பவுடர் தூவித் தொங்கவிடுவது அவர் வேலை. எப்போதும் பசை வாடை. கிடங்குக்குப் போகும் முன் 'கடலடி நெருப்பு' செட்டில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஜிப் போட்டேன்" என்பார். அதற்கு மேல் பேச்சு வளராது.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இசோகான் உடை முதுகில்தான் திறக்கும். செதில் வரிசைக்கு அடியில் ஜிப். உள்ளே போனவனின் கைகள் மிருகத்தின் கைகளுக்குள் மாட்டிக்கொள்வதால் அவனே திறந்துகொண்டு வெளியே வர முடியாது. ரப்பரும் பஞ்சும் கம்பியும் சேர்ந்து ஓர் ஆளைத் தூக்கிச் சுமப்பதுபோல் இருக்கும். அசைவு மெதுவாகி மிருகம் பிரம்மாண்டமாகத் தெரிய வேண்டுமென்று கேமராவை வேகமாக ஓட்டுவார்கள். அதற்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். அத்தனை விளக்கின் சூடும் உள்ளே இருப்பவனுக்கு. அதனால் அவனுக்கென்று வெளியே ஓர் ஆள். ஜிப்பை மூடுபவனும் திறப்பவனும் அவனேதான். வேறு யாரும் தொடக்கூடாது. மூடியதும் முதுகில் தட்டி "இருக்கியா?" என்று கேட்பான். உள்ளே இருப்பவன் காலை உதைத்தோ உறுமியோ பதில் சொல்வான். பிறகுதான் கேமரா ஓடும்.

இந்த வழக்கத்தைப் பற்றி நான் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். அந்தக் கேள்வியை மட்டும் சிறு வயதிலிருந்தே தெரியும். நான் குளித்துக்கொண்டிருக்கும்போது அப்பா கதவுக்கு வெளியே வந்து நிற்பார்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி. அம்மாவுக்குச் சிரிப்பு வரும். "அவ என்ன, தண்ணி போற ஓட்டை வழியா ஓடியா போயிடுவா? நிம்மதியாக் குளிக்க விடுங்க" என்பாள். அவளிடமும் அதே கேள்விதான். லிஃப்டில் கடைசி ஆள் இறங்கும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கமாட்டார். என் தோழிகள் முன்னால் எனக்கு மானம் போகும்.

அம்மா போனபின், நானும் வேலை என்று நகருக்குள் வந்தபின், தாமா புறநகரில் நாங்கள் வாழ்ந்த அதே அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். குளியல் தொட்டியில் இறந்தார். குளிர்ந்த அறையிலிருந்து வெந்நீரில் இறங்கும் முதியவர்களுக்கு இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் இப்படி நடக்கிறது. கதவு சாத்தியிருந்தது. மறுநாள்தான் திறந்தோம்.

படத்தில் எதை நீக்குவது, எதை விடுவது என்று முடிவு செய்யும் கூட்டம் அந்த வாரமே நடந்தது. படத்தின் உரிமையாளர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். இயக்குநர் விரும்பியது இருக்கும். தவறி வந்தது போகும். எங்கள் பிரிவுத் தலைவர் மினெகிஷி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"விமானத்தைத் தூக்கிப் பிடிக்கிற கம்பி?"

"எடுத்துடலாம்."

"பூனை?"

"டைரக்டர் பாத்திருக்கார். 'சம்பளம் கேக்காத ஒரே ஆளு, இருக்கட்டும்'னு சிரிச்சாராம். எடிட்டர் பேட்டியில சொல்லியிருக்கார்."

"அப்ப பூனை பொழைச்சுது. அடுத்து கை. விமர்சகர் சொன்னது பத்தாதுங்கறாங்க. அன்னிக்கு செட்டுல இருந்த யாராவது, டைரக்டர் வேணும்னுதான் வச்சார்னு சொல்லணுமாம். இல்லேன்னா செதிலை வரைஞ்சு மூடிடச் சொல்றாங்க. அதுல இன்னும் யாராவது உயிரோட இருக்காங்களா?"

"அது எங்கப்பா கை" என்றேன்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு மேசையைப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் மினெகிஷி என் இருக்கைக்கு வந்து குனிந்து வணங்கினார்.

"மன்னிச்சுக்குங்க, ஹதானோ. பூனையோட சேத்துப் பேசிட்டோம்."

"பரவால்ல. அவருக்குப் பூனை பிடிக்கும்."

"டைரக்டர்தான் கையை வைக்கச் சொன்னார்னு அப்பா எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"ஜிப் போட்டேன்னு மட்டும் சொல்லுவார்."

"நீங்க சும்மா, சொன்னார்னு ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "வேணாம். விசாரிச்சேன், தொகாஷி இருக்கார். கவாசாகியில முதியோர் இல்லத்துல. அவர்கிட்ட கேட்டுட்டு வாங்க. அவர் வாயால வந்தா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க."

தொகாஷிதான் இசோகானுக்குள் இருந்தவர். அவரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைசிக் குனிதலுக்காகத் தெரியும். ரப்பருக்குள்ளிருந்து துக்கத்தை நடித்துக் காட்டிய மனிதர் என்று அவரைப் பற்றிப் புத்தகமே இருக்கிறது. அப்பாவின் இறுதிச் சடங்குக்கு அவர் வரவில்லை. பூவும் அனுப்பவில்லை.

அவர் சொல்வதைப் பொறுத்து அப்பாவின் கை படத்தில் இருக்கும். இல்லையென்றால் நானே அதை மூட வேண்டும். அப்பாவின் குரல் என்னிடம் பதிவாக இல்லை. புகைப்படங்கள் சில உண்டு, எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்பார். அசைகிற அப்பா என்று எங்காவது இருந்தால், அது அந்த விரல்கள் மட்டும்தான்.

தொகாஷி சக்கர நாற்காலியில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் மல்யுத்தம் பழகிய தோள்கள் இப்போது எலும்பாகத் துருத்தியிருந்தன. குரல் மட்டும் இளைக்கவில்லை.

"ஷிகே பொண்ணா நீ? அவன் மூக்கேதான். பாவம், பொண்ணுக்கு அது வந்திருக்க வேணாம்."

"இனிப்பு கொண்டு வந்தேன் ஐயா. யோகான்."

"சிவப்புப் பயறுக் கூழைக் கடல்பாசியில உறைய வைக்கிறதுதானே? வேணாம்மா. நான் ஒரு கடலையே குடிச்சவன்."

சொல்லிவிட்டு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

"குளிர்காலத்துல அப்பா போயிட்டார்."

"தெரியும். போன் பண்ணாங்க." மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார். "வரல."

கையடக்கத் திரையில் அந்த ஃபிரேமை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, மூக்கு திரையில் படும்படி குனிந்து பார்த்தார்.

"நகம்கூடத் தெரியுதே. உங்க மெஷின் பொல்லாததும்மா."

"டைரக்டர் வைக்கச் சொன்னாரா ஐயா?"

"யாரு, ஷியோமியா? செட்டுல கொசு குறுக்கே பறந்தாலே அந்தாளு கொசுவோட அப்பனைத் திட்டுவார். கையை வைக்கச் சொல்லுவாராக்கும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே போனார்.

கடல்பாசிக் கடல் விளக்குச் சூட்டில் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், நாற்றமும் எடுக்கும். அதனால் ஒரே டேக். கடலுக்கு நடுவே ஒரு தண்ணீர்க் குழி. இசோகான் அதில் இறங்கி மூழ்க வேண்டும். பக்கவாட்டில் நின்ற கேமராவுக்கு மறுபக்கம் அப்பா கறுப்பு உடையில், கறுப்புக் கையுறையோடு, கழுத்தளவு தண்ணீரில் நின்றார். செதில்களுக்கு நடுவே கையை விட்டு ஜிப்பைப் பிடித்திருக்க வேண்டும். ஷியோமி 'கட்' சொன்னதும் இழுக்க வேண்டும். அதற்கு முன் இழுக்கக்கூடாது.

"கழுத்து வழியாத் தண்ணி சீக்கிரமே புகுந்துடுச்சு. பஞ்சு பூரா குடிச்சுப் பாறாங்கல்லாப் போச்சு. மூச்சு முட்டுது. காலை உதைக்கப் பாக்கறேன், கால் வரல. அவன் முதுகுல தட்டறான். 'இருக்கியா'ங்கறான். எனக்குத் தெரியுது, பதில் சொல்ல முடியல. மறுபடி தட்டறான். அவன் கத்தியிருக்கான், அலை அடிக்க வச்சிருந்த காத்தாடிச் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்கல. அப்பறம் கையுறையப் பல்லால இழுத்துத் துப்பியிருக்கான். ஈரக் கையுறையில ஜிப் வழுக்கும். வெறுங்கையால திறந்துட்டான்."

"கட் சொல்றதுக்கு முன்னாடியா?"

"எங்க கட்? ஷியோமி ஆன்னு வாயப் பொளந்து பாத்துட்டு நிக்கறார். என்னை அந்தப் பக்கமா வெளிய உருவிப் போட்டான். மூழ்கினது வெறும் ரப்பர்தான். உள்ள ஆளே கிடையாது."

"அப்ப அந்தக் குனிதல்..."

"என்ன குனிதல்? மயக்கம்மா. முட்டி மடங்கிடுச்சு."

தாதி ஒருத்தி வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனாள். போகிற போக்கில், "இன்னிக்கு ஐயா கதை சொல்றாரா? எங்ககிட்ட உர்ருன்னுதானே இருப்பார்" என்றாள். அவள் போகும்வரை காத்திருந்தார்.

"படத்தைப் போட்டுப் பாத்தப்ப எல்லாரும் அழுதுட்டாங்க. ஷியோமி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். 'இந்த மாதிரி நடிப்ப நான் பாத்ததில்ல'ன்னார். அப்பறம் ஷிகே பக்கம் திரும்பி, 'கட் சொல்றவன் நான். நீ யாரு?'ன்னார். அடுத்த வாரம் அவனைக் கிடங்குக்கு மாத்திட்டாங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"என்னன்னு சொல்ல? நடிக்கல, விழுந்தேன்னா? கல்யாணம் நிச்சயமாயிருந்தது எனக்கு. அடுத்த படத்துக்குப் பேசி முடிச்சாச்சு. அது முடியட்டும், சொல்லிடலாம்னு இருந்தேன். அப்பறம் அதுக்கு அடுத்தது."

"அப்பா கேட்டாரா?"

"அவனா? கிடங்குப் பக்கம் போனா, 'உள்ள சூடு எப்படிண்ணே, புதுசா ஓட்டை போட்டிருக்கேன், காத்து வருதா?'ன்னு கேப்பான். அதுக்கு அவன் நாலு திட்டு திட்டியிருக்கலாம். நான் வேற வழியாச் சுத்திப் போக ஆரம்பிச்சேன். எனக்குப் புது ஆள் ஜிப் போட்டான். நல்ல பையன்தான். ஆனா தட்ட மாட்டான்."

வெளியே மழை வலுத்திருந்தது. நான் விதியைச் சொன்னேன். மறைக்காமல் சொன்னேன்.

"நடந்ததை நடந்தபடி சொன்னா அது தவறு. கை போயிடும். நான்தான் எடுக்கணும்."

"டைரக்டர்தான் வைக்கச் சொன்னார்னு சொன்னா?"

"இருக்கும். டைரக்டர் நெனச்ச அர்த்தமா."

"யாரோட கையா?"

"யாரோடதும் இல்ல. மனுஷனோட கையா."

அவர் திரையை வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். விளக்கு அணைந்தது, தொட்டு எழுப்பிக் கொடுத்தேன். அடுத்த முறை அணைந்தபோது, "உங்க ஆபீசுக்குப் போன் போடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.

"தொகாஷி பேசறேன். ஆமா. டைரக்டர்தான் சொன்னார். மனுஷன் கை தெரியணும்னார். ஆமாய்யா, அர்த்தம்தான். பெரிய அர்த்தம்."

போனைத் திருப்பித் தந்தார்.

"இதுல என் பேரும் தப்பிச்சுக்குது. அதையும் சேத்துப் பாத்துக்கோ. உங்கப்பனுக்காக மட்டும் சொன்னேன்னு நெனச்சுடாத."

மினெகிஷி இணைப்பிலேயே இருந்தார். "அப்படித்தானே, ஹதானோ?" என்றார்.

"அவர் அப்படித்தான் சொன்னார்" என்றேன்.

இலையுதிர்காலத்தில், புதுப்பித்த பிரதியைக் கின்சா பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் முதன்முறையாகக் காட்டினார்கள். உரிமையாளர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டபின்தான் இறுதிப் பிரதி உறுதியாகும். எனக்கு நடுவரிசையில் ஓரத்து இடம். பக்கத்து இருக்கைக்கும் சேர்த்து அழைப்பு வந்திருந்தது. அதில் என் கோட்டை வைத்தேன்.

படத்துக்கு முன் மேடையில் பேச்சு. அந்தக் கட்டுரை எழுதிய விமர்சகர் கேள்வி கேட்டார். தொகாஷியை நாற்காலியோடு ஏற்றியிருந்தார்கள். கறுப்பு கோட்டு அவருக்கு இரண்டு அளவு பெரிதாக இருந்தது. விமர்சகர் கையைப் பற்றி நெடுநேரம் பேசினார். மனிதன், இயற்கை, குற்றம். பேசி முடித்துவிட்டு, "அது யாருடைய கைன்னு ஞாபகம் இருக்கா ஐயா?" என்றார்.

"ஹதானோ ஷிகேஜி."

"நடிகரா?"

"எனக்கு ஜிப் போட்டவன்."

அரங்கில் சிரிப்பு. விமர்சகரும் சிரித்தார்.

"இப்ப எல்லாரும் காத்திட்டிருக்கிற கேள்வி. அந்தக் குனிதல். அதுக்கு எப்படித் தயாரானீங்க?"

தொகாஷி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் கண்கள் இருட்டில் வரிசை வரிசையாகத் தேடின.

"தயாராகல. நடிக்கவும் இல்ல. மயங்கி விழுந்தேன். அவன்தான் திறந்து வெளிய இழுத்தான். கட் சொல்றதுக்கு முன்னாலயே. டைரக்டருக்கும் அந்தக் கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

பிறகு எங்கோ ஒருவர் கைதட்டினார். அதைத் தொடர்ந்து அரங்கமே தட்டியது. பெரிய நடிகர்கள் மேடையேறினால் நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் மற்றவர்களால்தான் என்பார்கள். அப்படிச் சொல்லாவிட்டால்தான் எங்களுக்கு உறுத்தும். விமர்சகர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த அடக்கம்தான் இவங்க தலைமுறை. நாமெல்லாம் கத்துக்கணும்."

"அடக்கம் இல்லய்யா. உண்மையச் சொல்றேன்."

கைதட்டல் இன்னும் பலத்தது. முன்வரிசையில் உரிமையாளர்களில் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

தொகாஷி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து, அவர் சொல்வது உண்மை, நான் ஹதானோ ஷிகேஜியின் மகள், இந்தப் பிரதியைச் சீர்செய்தவள் என்று சொன்னால் நம்புவார்கள். நம்பினால் விதி இருக்கிறது. நாளைக்கு அந்த ஃபிரேம்கள் என் மேசைக்குத் திரும்பும்.

நான் எழவில்லை.

படம் ஓடியது. என் கண்ணுக்குக் கறுப்பின் ஆழமும் நிறத்தின் சமனும் மட்டுமே பட்டன, வேலைப் பழக்கம். கடைசிக் காட்சியில் இசோகான் கடலுக்குள் நடந்தது. நின்றது. பின்வரிசையில் ஓர் ஆணும் பெண்ணும் கிசுகிசுத்தார்கள்.

"இப்ப வரும் பாரு."

"எங்க?"

"போச்சு. கண்ண மூடிட்டியா நீ?"

நான் மூடவில்லை. விரல்கள் செதில்களுக்கு நடுவே வந்தன, ஜிப்பைப் பற்றின, கீழ்நோக்கி இழுத்தன. இவ்வளவு பெரிய திரையில் அவசரம் தெரிந்தது. முட்டி மடங்கிக்கொண்டிருந்தது. பிறகு ரப்பர் மூழ்கியது.

வெளியே முதியோர் இல்லத்து வண்டி நின்றது. நாற்காலியை ஏற்றும் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தொகாஷி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ஏன் எந்திரிக்கல?"

"எந்திரிச்சா கையை எடுத்துடுவாங்க ஐயா."

"ம். நான் சொன்னேன். நீ கேட்டல்ல?"

"கேட்டேன்."

"வேற யாரும் கேக்கல" என்றார். பலகை அவரை மேலே தூக்கியது. தாதி அவர் முழங்காலில் போர்வையைச் சரிசெய்து கதவைச் சாத்தினாள்.

மறுநாள் உரிமையாளர்களிடமிருந்து ஒப்புதல் வந்தது. இறுதிப் பிரதியோடு போகும் தொழில்நுட்பக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும். கம்பிகள் நீக்கப்பட்டன. பூனை அப்படியே. முதுகில் கை, இயக்குநர் விருப்பப்படி, அப்படியே. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மினெகிஷி மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பசிக்கவில்லை என்றேன். அவர்கள் போனபின் அந்தச் சுருளைக் கருவியிலிருந்து கழற்றி டப்பாவில் வைத்து மூடி, அடுத்த படத்தின் சுருளை ஏற்றினேன்.